அத்தை திருப்பிக் கொடுத்த லேப்டாப்

அத்தைக்கு இரவல் கொடுத்த பொருளைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் கவலைப்பட்டதில்லை. அது திரும்பி வரும்போது கூடவே வரும் விளக்கத்துக்குத்தான் பயந்தார்கள்.

ஒருமுறை எதிர்வீட்டு டீச்சரிடம் குடை வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் குடையில் ஏற்கெனவே ஒரு கம்பி ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, எங்கள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றிச் சரிசெய்து வைத்துவிட்டார். நல்லதுதானே செய்தார் என்று நீங்கள் நினைக்கலாம். அத்தை அப்படி நினைக்கவில்லை.

"ஏலே, ஒன்னைய யாரு இதுல கை வைக்கச் சொன்னா? இப்ப டீச்சர் என்ன நெனைப்பா? நாமதான் ஒடிச்சோம், ஒடிச்சத மறைக்கக் கட்டிக் குடுத்திருக்கோம்னு நெனைக்க மாட்டாளா?"

"வேணும்னா அவுத்துரட்டுமா அக்கா?"

"அவுத்தா இன்னும் மோசம்லா. கட்டுன தடம் தெரியும்."

குடையோடு டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததை முதலில் இருந்து சொன்னாள். குடையில் கம்பி ஒடிந்திருந்ததே தனக்கு ஞாபகமில்லை என்று டீச்சர் வாய் தவறிச் சொல்லி மாட்டிக்கொண்டார். ஞாபகம் வருகிறவரை அத்தை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. ஹார்பர் சாலைக்கு உள்ளே தள்ளி அப்பாவின் பல்சரக்குக் கடை, அதற்குப் பின்னால் எங்கள் வீடு, அந்த வீட்டில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள். அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் தெருவில் யாருக்கும் ஆள் பிடிபடாது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அத்தைதான்.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. வாங்கிய பொருள் வந்தபடி போக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பாமல் கொஞ்சம் சீனியாவது போட்டு அனுப்புவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அத்தைக்கு அந்த வழக்கத்தின்மேல் தீராத கோபம். "அவ கொழம்பு தந்தா, நாம சீனி போட்டோம்னு வையி. சீனி வந்த ஏனத்த சும்மா அனுப்பக் கூடாதுன்னு அவ வடை போட்டு அனுப்புவா. இது எங்கன போயி முடியும்?" என்பாள். கழுவித் துடைத்து, வந்தபோது இருந்த பக்கமாகவே மூடியை வைத்து அனுப்புவாள். பக்கத்து டெய்லர் கடையில் இரவல் வாங்கும் பேப்பரைப் படித்து முடித்ததும், பழைய மடிப்பிலேயே மடித்துக் கையால் நீவிக் கொடுப்பாள். டெய்லர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

திருச்செந்தூருக்குப் போனால் இன்னும் கஷ்டம். கடலில் குளித்துவிட்டுக் கரையேறியதும் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் காலையும் பாவாடை ஓரத்தையும் தட்டிவிடுவாள். மண் வீட்டுக்கு வந்தால் கூட்டிப் பெருக்கவேண்டுமே என்பதற்காக இல்லை. அது கடலுடைய மண். நான் பொறுக்கி வைத்திருந்த சோழிகளையும் ஒருமுறை திரும்பப் போடச் சொன்னாள். நான் அழுததைப் பார்த்து அப்பா இரண்டைத் தன் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை வியர்த்துக்கொண்டே இருந்தார்.

இப்படிப்பட்டவளின் கையில்தான் என் நிச்சயம் முறிந்த விவகாரம் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளை வீடு சாத்தான்குளம் பக்கம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. நான் அப்போது ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் ஏற்றுமதி டாக்குமென்டுகள் அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் ஆன்லைனில் புரோகிராமிங் படித்தேன். அது தெரிந்து, நிச்சயம் முடிந்த கையோடு அவர் எனக்கு ஒரு லேப்டாப் அனுப்பிவைத்தார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல லேப்டாப். விண்டோஸோடு வந்தது. நான் என் படிப்புக்காக அதில் கொஞ்சம் இடத்தைப் பிரித்து உபுண்டு என்ற லினக்ஸையும் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், எதற்குள் போக வேண்டும் என்று ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்கும்.

"ஒரு வீட்டுல ரெண்டு குடித்தனமா?" என்று அத்தை கேட்டாள்.

"ஆமா அத்தை. ரெண்டு பேருக்கும் ஒரே வாசல்."

"சண்டை வராதோ?"

"வராது."

நிச்சயத்தில்தான் வந்தது. கார்த்திகை மாதம், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று தரகர் அண்ணாச்சி மூலம் சொல்லியனுப்பினார்கள். அவருக்கு வாழைக்காய் மண்டிதான் தொழில், சம்பந்தம் பேசுவது பொழுதுபோக்கு. வேறு ஒரு பெரிய இடம் வந்துவிட்டது என்பது பிறகு தெரிந்த காரணம். அதைச் சொல்லியிருந்தால் நானும் சரி போ என்று விட்டிருப்பேன். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா மண்டியில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு எந்நேரமும் கம்ப்யூட்டர்ல எவன்கூடயோ பேசிக்கிட்டே கெடக்கா, அதான் பயந்துட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மண்டியில் விழுந்த பேச்சு வாழைத்தாரோடு ஊர் முழுக்கப் போகும். எங்கள் கடைக்கும் வந்தது. அப்பா கல்லாவில் உட்காருவதைக் குறைத்துக்கொண்டார். சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கல்யாணம் நின்றது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இந்தப் பேச்சு வலித்தது. நான் பேசியதெல்லாம் புரோகிராமில் ஒரு லூப் எழுதத் தெரியாமல் முழித்த ஒரு வகுப்புத் தோழியோடு.

அத்தை அந்தப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சாமானத் திருப்பணும்" என்றாள். முறிந்த நிச்சயத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. இரண்டு வீட்டாரும் பொதுவான ஓர் இடத்தில் கூடி, வாங்கியதைத் தட்டில் வைத்து மாற்றிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணாச்சியின் மண்டியில் என்று பேசி முடித்தார்கள்.

நிச்சயத்துக்கு வந்த பட்டுப் புடவையை அத்தை வெயிலில் காட்டி, கடை மடிப்பிலேயே மடித்தாள். மோதிரம் வந்த டப்பாவை எங்கிருந்தோ எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த மெஷினையும் வந்தபடி ஆக்குளா. நாம வச்ச குடித்தனம் அதுல இருக்கக் கூடாது."

எனக்கு எரிச்சல் வந்தது. "அவங்க அவ்வளவு பேசியிருக்காங்க, அவங்களுக்கு எதுக்கு இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யணும்? அப்படியே தூக்கிக் குடுப்போம் அத்தை."

"ஒரு கீறல் இருந்தாலும் நாம வாயத் தொறக்க முடியாது" என்றாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுடைய வழக்கமான பாட்டு என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். நான் நாற்காலியில், அத்தை பக்கத்து முக்காலியில். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அத்தை விடுகிறவள் இல்லை. வாடகை வீடு காலி செய்வது எப்படி என்று அவளுக்குத் தெரியும், அதையே எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "மொதல்ல நம்ம சாமான வெளிய எடு. பொறவு நாம இருந்த எடத்தக் காலி பண்ணு. கடைசில வாசல ஒப்படைச்சிட்டு வா."

சரிதானே என்று எனக்கும் தோன்றியது. என் பாடங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். விண்டோஸுக்குள் போய், லினக்ஸ் இருந்த பகுதியை அழித்தேன். மறுபடி திறந்து பார்ப்போம் என்று லேப்டாப்பை அணைத்துப் போட்டேன்.

கறுப்புத் திரை. அதில் ஆங்கிலத்தில் 'கிரப்' என்று ஒரு சொல், பக்கத்தில் மினுங்கிக்கொண்டு ஒரு கோடு. பட்டியலும் இல்லை, விண்டோஸும் இல்லை.

"என்னளா, செத்துப் போச்சா?"

"இல்ல அத்தை."

"பொறவு ஏன் இருட்டா கெடக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதற்குள் போக வேண்டும் என்று வாசலில் நின்று கேட்கிறவன் லினக்ஸ் வைத்த ஆள். அவன் வாசலில்தான் நிற்பான், ஆனால் அவனுக்கு வேண்டியதெல்லாம் நாங்கள் காலி செய்த பகுதியில் இருந்தது. வாசலை முதலில் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நாங்கள் காலி செய்திருக்க வேண்டும். வாடகை வீட்டு வரிசை இதில் தலைகீழ். இப்போது அந்தக் காவல்காரன் ஒன்றும் புரியாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குச் சொந்தக்காரரும் உள்ளே போக முடியாது.

இதை அத்தையிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் வாழ்நாளில் முதல் முறையாக அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிட்டதாக அவள் நினைத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "நான் சொன்னத ஏன் கேட்ட? எனக்கு என்ன எளவு தெரியும் இதப் பத்தி?" என்று என்னையே திட்டினாள். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் இந்தக் கறுப்புத் திரையை மண்டியில் வைத்துத் திறந்தால், கொடுத்த பொருளைக்கூட உருப்படியாக வைத்திருக்கத் தெரியாதவள் என்றும் ஒரு பேச்சு சேர்ந்துகொள்ளும்.

போனை எடுத்து ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். பதற்றத்தில் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் விஷயம் ஒன்றுமே இல்லை. விண்டோஸின் சொந்தக் காவல்காரன் எங்கும் போய்விடவில்லை. வரிசையில் இரண்டாவது ஆளாக நின்றுகொண்டிருந்தான். லேப்டாப்பை அணைத்துப் போட்டு, மேல் வரிசையில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். யார் யார் வாசலில் நிற்கிறார்கள் என்ற பட்டியல் வந்தது. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தேன். பழைய நீலத் திரையோடு விண்டோஸ் திறந்தது. அத்தை என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். அது பாராட்டு.

உள்ளே போய், இனிமேல் விண்டோஸின் ஆள்தான் முதலில் என்று வரிசையை மாற்றினேன். காலியாகக் கிடந்த இடத்தையும் விண்டோஸோடு சேர்த்தேன். அணைத்துத் திறந்தேன். நேராக விண்டோஸுக்குப் போனது, யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"அந்தப் பட்டியல இன்னொரு தடவ காட்டு" என்றாள் அத்தை.

காட்டினேன். முதலில் விண்டோஸ். அதற்குக் கீழே உபுண்டு. அத்தைக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும்.

"இன்னும் பேரு இருக்கே."

"பேரு மட்டும்தான் அத்தை. உள்ள ஒண்ணும் கெடையாது. இந்தப் பொத்தான அமுக்கி யாரு பாக்கப் போறா?"

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுடைய பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தினமும் நான் தண்ணீர் மொண்டு குடிக்கிற குடம்தான். கழுத்துக்குக் கீழே அத்தையின் பெயர் வெட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணச் சீர் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டித்தானே அனுப்புவார்கள். அந்தப் பெயரை அரத்தால் அரைகுறையாக ராவியிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். ராவிய இடத்துக்குப் பக்கத்தில், வேறொரு பெண்ணின் பெயர்.

அத்தையை ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆற்றோரம் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள் என்பதும், ஒரு வருஷம் ஆவதற்குள் திரும்பி வந்துவிட்டாள் என்பதும் எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம். எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

"நான் இங்கன வந்த பொறவு சாமான அனுப்புனாவ. அதுக்குள்ள அடுத்தவ பேர வெட்டிட்டாவ. அதையும் ஒழுங்கா ராவல பாரு" என்றாள். சலிப்போ கோபமோ குரலில் இல்லை. சுண்ணாம்பு சரியாக அடிக்காத சுவரைக் காட்டுவது மாதிரிக் காட்டினாள். "பேரு கெடந்தா அந்தச் சாமான் யாருக்கும் இல்லாமப் போயிரும். எடுத்துரு."

நான் மறுபடி உட்கார்ந்தேன். கமாண்ட் அடித்து, உள்ளே ஒளிந்து கிடந்த உபுண்டுவின் கோப்புறையை அழித்தேன், பட்டியலில் இருந்த அந்த வரியையும் நீக்கினேன். பிறகு விண்டோஸையும் கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திருப்பினேன். கீபோர்டு இடுக்கில் இருந்த தூசியை அத்தை ஈர்க்குச்சியால் எடுத்தாள்.

மண்டிக்கு இந்த மாதிரிக் காரியத்துக்குக் கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். அப்பா வேண்டாம் என்றார். "மெஷினத் தொறந்து காட்ட ஆள் வேணும்லா, நீ தொறப்பியா?" என்று அத்தை கேட்டாள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார்.

தார் தாராக அடுக்கியிருந்த வாழைக்காய்க்கு நடுவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் அண்ணனும் வந்திருந்தார்கள். அந்தம்மா பட்டுப் புடவையை விரித்து இரண்டு பக்கமும் பார்த்தார். அண்ணன் லேப்டாப்பைக் குப்புறத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார், ஏதோ டயர் பார்க்கிற மாதிரி. நான் திறந்து போட்டேன். நேராக விண்டோஸின் வரவேற்புத் திரை வந்தது. அண்ணன் அதை அணைத்துத் திறந்து, அந்தப் பொத்தானை அழுத்தி அந்தப் பட்டியலையும் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். விண்டோஸ் மட்டும்தான் இருந்தது.

"புதுசு மாதிரியே இருக்கு" என்றார் அவர். "சரியா இருக்கு" என்றார் அந்தம்மா.

அடுத்து, மாப்பிள்ளைக்கு நாங்கள் கொடுத்த பொருள்கள். வாட்ச் வந்தது. வெள்ளிக் கிண்ணம் வந்தது. கோட் துணி மட்டும் கோட்டாகவே வந்தது. தைத்துவிட்டார்களாம்.

அத்தை கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அவர்கள் பக்கமே தள்ளினாள். "இத இனி துணியாக்க முடியாது. நீங்களே வச்சுக்கிடுங்க. ஆனா எங்களுது இன்னொண்ணு ஒங்ககிட்ட நிக்கி."

"எல்லாம் குடுத்தாச்சே" என்றார் அந்தம்மா.

"எங்க பிள்ளையப் பத்தி ஒரு பேச்சு சொன்னியள்லா. நிச்சயத்துக்கு முந்தி அந்தப் பேச்சு அவளுக்குக் கெடையாது. ஒங்க வீட்டுலேருந்து வந்தது. அதத் திரும்ப எடுத்துக்கிடுங்க."

அந்தம்மா முகம் சிவந்தது. "ஊரு ஆயிரம் பேசும். அதுக்கு நாங்க என்ன செய்ய?"

"ஊரு பேசலம்மா. இந்தா இந்த பெஞ்சுல இருந்துதான் பேசுனிய. அண்ணாச்சி கேட்டாவ. அவியளும் இங்கனதான் இருக்காவ. அதே எடத்துல வச்சு எடுத்துக்கிடுங்க. நாங்க ஒங்க சாமான்ல ஒரு கீறல் போடாமக் குடுத்துட்டோம்."

அத்தை குரலை உயர்த்தவே இல்லை. தரகர் அண்ணாச்சி ஒரு வாழைத்தாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தார் இறக்கிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஏன் அந்த லேப்டாப்பைப் போட்டு அந்தப் பாடு படுத்தினாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். மனைவியைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்துப் பேசினார். "பிள்ள மேல ஒரு குத்தமும் கெடையாது. எங்க பயலுக்கு வேற எடம் அமைஞ்சிருக்கு. அதான் விஷயம். மத்தது நாங்க சொல்லியிருக்கக் கூடாது."

"அண்ணாச்சி, கேட்டுக்கிட்டியளா?" என்றாள் அத்தை.

"கேட்டேன் அத்தை" என்றார் அண்ணாச்சி. அவருக்கு அத்தையைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

கெட்ட பேச்சைக் கொண்டுபோன அதே வாழைத்தார் வண்டியில் இதுவும் ஊருக்குள் போனது. அப்பா மறுநாளே கல்லாவில் உட்கார்ந்தார். ஆனால் நான் அதைப் பற்றிச் சொல்ல வரவில்லை.

மண்டியை விட்டு வெளியே வந்து, அப்பா ஆட்டோ பார்க்கப் போனார். நானும் அத்தையும் ஒரு கன்டெய்னர் லாரியின் நிழலில் நின்றோம். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. அதனால்தான் கேட்டுவிட்டேன்.

"அத்தை, அந்த ஊர்ல ஒங்களப் பத்தி என்ன சொன்னாங்க?"

"மலடின்னு சொன்னாவ" என்றாள். "நான் அங்கன இருந்தது முழுசா ஒரு வருஷம்கூட இல்ல. ஒங்க தாத்தா நம்ம வீட்டு வாசல்ல நின்னு ஒவ்வொரு சாமானா எண்ணி வாங்குனாரு. கரண்டி வரைக்கும் எண்ணுனாரு. பேச்ச யாரும் கேக்கல."

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தோம். வீடு வருகிறவரை அத்தையின் கையை நான் விடவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அத்தை போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. இப்போதும் ஸ்ரீவைகுண்டம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், இறங்கிப் போய் அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை. அதை நான் அத்தையிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.